ரயில் கூரைமேல் மாமா சொன்னது

தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் கிஸ்ஸா உட்கார்ந்திருந்தான். கையில் மைக். உள்ளங்கை வேர்த்து வேர்த்து மைக் வழுக்கிக்கொண்டே இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம், டிவிக்குப் பக்கத்தில், கூட்டம் முழுக்கப் பார்க்கும்படி, அவனுடைய அப்பா சாலோங்கோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு மைக் இருந்தது. அதன் வயர் நாற்காலிக்குக் கீழே போய் அங்கேயே முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் ப்வாய்சேயில் சாலோங்கோவைத் தெரியாது என்று சொல்பவன் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவனாகத்தான் இருப்பான். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற எல்லா அப்பாக்களுக்கும் எங்கள் பக்கம் சாலோங்கோ என்றுதான் பட்டம். ஆனால் பேரை மட்டும் சொன்னால் ஜனங்களுக்கு இவர் முகம்தான் ஞாபகம் வரும். இங்கிலீஷ் படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் சத்தத்தைக் குறைத்து, நம் பாஷையில் கதை சொல்பவர் அவர். வீஜே என்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பது ஊருக்கே தெரியும். யாரும் கவலைப்பட்டதில்லை. படத்தில் வெள்ளைக்காரன் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருப்பான்; இவர் அவனை நிலத்தகராறில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தத் தகராறு படத்தைவிட நன்றாக இருக்கும்.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் அந்தக் கதி வந்தது. மழை தொடங்குவதற்கு முன் ஒரு காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வலது பக்கம் எழவில்லை. பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம், தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு முனகல். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா கிஸ்ஸாவைத் தனியே கூப்பிட்டு, சத்தம் போட விடக் கூடாது, பதற்றம் கூடாது, இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்க மாட்டார் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா இடது கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினார். யாருக்கும் தெரியக் கூடாது என்று அர்த்தம். அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் அப்பா மசாக்காவில் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்று கிஸ்ஸா புளுகி வந்தான்.

புளுகை உடைத்தவள் நந்துமே. படம் போடும் ஷெட் அவளுடையது. முவாங்கா படங்களால்தான் அந்த ஷெட்டே நிற்கிறது. ஒற்றைக் கண்ணோடு, கையில் துப்பாக்கியோடு, யாரையும் நம்பாமல் திரியும் ஒரு வெள்ளைக்காரன். அவனுக்கு இங்கிலீஷில் என்ன பேரோ, சாலோங்கோ வைத்த பேர் முவாங்கா. முதல் பாகம் வந்தபோது கிஸ்ஸா சின்னப் பையன். அப்புறம் பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது, இப்போது கிஸ்ஸாவின் மகனே மீசையைத் தடவுகிறான். முதல் பாகத்தில் ரயில் கூரைமேல் ஒரு கிழவர் சுடப்பட்டு முவாங்காவின் மடியில் சாவார். நிஜத்தில் அவர் வில்லனின் ஆள். சாலோங்கோவோ, அவர் முவாங்காவின் தாய்மாமன் என்று அடித்துவிட்டார். இரண்டாம் பாகத்தில் அதே நடிகர் வேறு வேஷத்தில் முழுசாக நடந்து வந்தபோது ஷெட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சாலோங்கோ இம்மி அசரவில்லை. இது மாமாவோடு இரட்டையாகப் பிறந்த தம்பி காத்தோ என்றார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நம் ஊரில் இரட்டையரில் ஒருவர் போனால் செத்தார் என்று சொல்ல மாட்டோம், பறந்துவிட்டார் என்போம். அன்றிலிருந்து ரயில் காட்சியில் மாமா கண்ணை மூடும்போது மொத்த ஷெட்டும் "பறந்துட்டார்" என்று சொல்லும். அடுத்தடுத்த பாகங்கள் எல்லாம் இந்தப் பொய்யின் முதுகில்தான் ஏறி வந்தன.

இப்போது முதல் பாகத்தையே புதுசாக, பளபளவென்று மறுபடி எடுத்து அனுப்பியிருந்தார்கள். நந்துமே அதை வாங்கி, காலேஜ் படித்த ஒரு இளவட்ட வீஜேவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவன் இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவன். உள்ளது உள்ளபடி சொன்னான். ரயில் கிழவன் துரோகி என்றான். அவ்வளவுதான், பெஞ்சு பறந்தது. முன் வரிசையில் எப்போதும் உட்காரும் கறிக்கடை டமுலிரா எழுந்துபோய் டிவியைத் தூக்கிக் கீழே போட்டான். இளவட்டம் சாக்கடையைத் தாண்டி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்னும் நந்துமேயிடம்தான் கிடக்கிறது. மிச்சமிருந்த சாமான்களைக் காப்பாற்ற நந்துமே பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினாள்: வரும் சனிக்கிழமை பழைய முதல் பாகம், சாலோங்கோவே வந்து சொல்வார். கூட்டம் அடங்கியது.

மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கிஸ்ஸா மசாக்கா கதையைத் தொடங்கினான். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. நந்துமே அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும் வியாபாரி ஆகிவிட்டாள்.

"உன் குரல் யார் குரல்டா? போன்ல பேசினா நானே உன்னை சாலோங்கோன்னு கூப்பிட்டு எத்தனை தடவை ஏமாந்திருக்கேன். அவர் முன்னாடி உக்காரட்டும். நீ துணிக்குப் பின்னாடி உக்காந்து பேசு."

"அக்கா, கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்காம பேசு."

சொல்வது சுலபம். ஏமாற்றுகிறான் என்று ஒரு வாய் கத்தினால் போதும், ப்வாய்சேயில் மிச்சத்தைக் கல்லும் கட்டையும் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒருத்தனை மார்க்கெட் வாசலில் கிடத்தியிருந்ததைக் கிஸ்ஸா கண்ணால் பார்த்திருக்கிறான். கிஸ்ஸாவாவது ஓடுவான். அப்பா எங்கே ஓடுவார்? முடியவே முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது அப்பாவின் இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை. நந்துமே போன பிறகும், இருட்டிய பிறகும் விடவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அந்தக் கை கெஞ்சியது. சரி என்று சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தார்.

படம் கிஸ்ஸாவுக்குத் தலைகீழ்ப் பாடம், ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடம்தான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது. ரயில் காட்சியில் மாமாவின் வாயிலிருந்து ரத்தம் வரும். சின்ன வயதில் அதற்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடிவிடுவான். உள்ளே எல்லோரும் தேம்பும் சத்தம் மட்டும் கேட்கும். மாமா சாகும்முன் என்ன சொன்னார் என்று அவன் கேட்டதே இல்லை. பதிவு செய்த டேப் ஒன்று இருந்தது, வெள்ளத்தில் போயிற்று.

ஊரில் நாசூக்காக விசாரித்தான். சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டி விற்கும் ஆளிடம் கேட்டான். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதை மறக்க முடியுமா? வீட்டை விக்காதேன்னு சொல்வார். நான் அன்னைக்கு வீட்டை விக்கறதா இருந்தேன்," என்றான். தையல்காரம்மா கேட்டதற்கு வேறு சொன்னாள்: உன் அம்மா உன்மேல் கோபமாகச் சாகவில்லை என்று மாமா சொன்னாராம். டமுலிராவிடம் கேட்டபோது கத்தியைத் தீட்டிக்கொண்டே, தம்பியை மன்னிச்சிடு, அவ்வளவுதான் சொன்னார், வேற எவன் என்ன சொன்னாலும் பொய் என்றான். அவனுக்கும் அவன் தம்பிக்கும் ஒரு காலத்தில் வெட்டுக்குத்து வரை போயிருந்தது.

கேட்கக் கேட்கக் கிஸ்ஸாவுக்கு விஷயம் பிடிபட்டது. அப்பா ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்து, அந்த முகத்துக்கு வேண்டியதைச் சாகும் கிழவனின் வாயில் வைத்திருக்கிறார். அத்தனை பேரும் தனக்கு விழுந்ததைத்தான் படம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதுப் படம் எத்தனை பளபளப்பாக வந்தாலும் அதில் அவர்கள் மாமா இல்லை. பழசைத்தான் போடு என்று அவர்கள் ஏன் உயிரை விடுகிறார்கள் என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன பயன்? எதைச் சொன்னாலும் ஒருவனைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் அது தப்பு. கடைசியில், டிவியைத் தூக்கிப் போட்டவன் டமுலிராதானே, அவன் சொன்னதையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டில் மூச்சுவிட இடம் இல்லை. தகரக் கூரை கொதித்தது. உடைந்த டிவிக்குப் பதில் நந்துமே இரண்டு டிவி இரவல் வாங்கியிருந்தாள், கூட்டத்துக்கு ஒன்று, துணிக்குப் பின்னால் கிஸ்ஸாவுக்குக் குட்டி ஒன்று. தொந்தி வைத்தவர்கள், பேரன் எடுத்தவர்கள், வேலைக்கு மட்டம் போட்டவர்கள். அப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது, முட்டிவலி என்று நந்துமே சொன்னதை நம்பி எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவின் முகத்தின் வலது பாதி இருட்டில் இருக்கும்படி விளக்கை அவள் முன்பே திருப்பி வைத்திருந்தாள். துணியில் ஒரு கிழிசல். அது வழியாக அப்பாவின் பக்கவாட்டு முகமும் கூட்டமும் கிஸ்ஸாவுக்குத் தெரிந்தன. டமுலிரா முன் வரிசையில், அப்பாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

படம் தொடங்கியது. கிஸ்ஸா வாயைத் திறந்தான், அப்பாவின் குரல் வந்தது. அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அப்பா செத்த மைக்கை இடது கையால் வாயருகே வைத்துக்கொண்டு, தோளை மட்டும் பழையபடி ஆட்டினார். நிலத்தகராறு வந்தது, சிரித்தார்கள். முவாங்கா கண்ணை இழக்கும் இடம் வந்தது, உச்சுக் கொட்டினார்கள். கிஸ்ஸாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் டமுலிராவின் உதடு கூடவே அசைவதைப் பார்த்தான். ஒரு இடத்தில் அந்த உதடு நின்றது. கிஸ்ஸாவுக்கு உயிர் போய் வந்தது. டமுலிரா கொட்டாவி விட்டான், அவ்வளவுதான்.

ரயில் வந்தது. துப்பாக்கி வெடித்தது. கிழவர் விழுந்தார்.

"இப்ப வீட்டை விக்காதேன்னு சொல்வார் பாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வீடாவது மண்ணாவது. அம்மாவைப் பத்தி சொல்வாருய்யா."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றான் டமுலிரா, திரும்பாமலே. "அவரே சொல்லட்டும்."

கிழவரின் உதடு திரையில் அசைந்தது. தம்பியை மன்னிச்சிடு என்பது கிஸ்ஸாவின் நாக்கு நுனியில் இருந்தது. கிழிசல் வழியாகத் தையல்காரம்மாவின் முகம் தெரிந்தது. கையைக் கோத்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிழவரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கிஸ்ஸாவுக்குக் காது அடைத்தது.

அப்போது அப்பா முனகினார்.

மைக்கே இல்லாமல் அது ஷெட்டின் கடைசி பெஞ்சு வரை போயிற்று. சாகிற மனுஷன் சொல்ல வந்து சொல்ல முடியாமல் போவது போலவே இருந்தது. கிழவர் கண்ணை மூடினார். "பறந்துட்டார்," என்றது ஷெட். உடனே எங்கும் அழுகை. சப்பாத்திக்காரன் அழுதான், தையல்காரம்மா அழுதாள், டமுலிரா கைக்குட்டை இல்லாமல் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டான். அவரவர் காதில் அவரவர் வார்த்தை விழுந்துவிட்டது. கிஸ்ஸா துணிக்குப் பின்னால் தரையில் சரிந்து உட்கார்ந்தான். பிழைத்தோம் என்று நினைத்தான்.

பெஞ்சைத் தட்டும் சத்தம் தொடங்கியது. பிடித்த காட்சி வந்தால் பெஞ்சைத் தட்டித் திருப்பிப் போடச் சொல்வது எங்கள் ஷெட்டுகளில் பழக்கம். போடாவிட்டால் பெஞ்சு பறக்கும். நந்துமே திருப்பிப் போட்டாள். மறுபடி ரயில், மறுபடி வெடி. அப்பா மறுபடி முனகினார், முன்னைவிட நீளமாக. கிஸ்ஸா கிழிசல் வழியாகப் பார்த்தான். அப்பாவின் கழுத்து நரம்பு விரல் தடிமனில் புடைத்திருந்தது. முகம் கறுத்துச் சிவந்திருந்தது. டாக்டரம்மா சொன்னதை மறந்து இத்தனை நேரம் தப்பான இடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுபடி பெஞ்சைத் தட்டினார்கள். போதும் அக்கா, வேண்டாம் என்று துணியின் ஓரத்திலிருந்து கையை ஆட்டினான். நந்துமே அவனையும் பார்த்தாள், கூட்டத்தையும் பார்த்தாள். அவள் விரல் பட்டனை நோக்கிப் போயிற்று. அவளுக்கும் பயம்.

கிஸ்ஸா துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, மைக்கில், அதே குரலில் சொன்னான்:

"நான்தான் பேசினேன். ஆரம்பத்திலேருந்து நான்தான். எங்கப்பாவுக்குப் பேச்சு போயிடுச்சு. அவரை விட்டுடுங்க. அடிக்கணும்னா என்னை அடிங்க."

யாரும் நகரவில்லை. அந்த நொடியில் எந்தப் பக்கத்திலிருந்து முதல் கட்டை வரும் என்று மட்டும்தான் அவன் யோசித்தான். டமுலிரா தலையைச் சாய்த்து, கிஸ்ஸாவின் இடுப்புக்குப் பக்கவாட்டில் திரையைப் பார்த்தான்.

"உக்காருப்பா. மறைக்குது."

"ஆமா, உக்காரு," என்றார்கள் பின்னால். "திருப்பிப் போடுங்க."

அவர்களுக்கு யார் பேசினால் என்ன. மாமா இன்னொரு தடவை சாக வேண்டும், அவ்வளவுதான். கிஸ்ஸாவுக்கு அடி விழுந்திருந்தால்கூட இத்தனை பயம் வந்திருக்காது. பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது. அப்பாவின் இடது கை. அவர் கண் பளபளத்தது. மூச்சு இரைத்தது, எச்சில் வழிந்தது, இருந்தும் அவர் மடியிலிருந்த மைக்கை எடுத்து மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். அவர் இதற்காகத்தான் வந்தார். இதிலேயே போகவும் தயாராக இருந்தார்.

ரயில் வந்தது. வெடித்தது. அப்பா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அது வெளியே வருவதற்குள் கிஸ்ஸா மைக்கில் பேசிவிட்டான். யோசிக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னான்.

"மருமவனே, எனக்காக நிக்காதே. நீ இறங்கிப் போ. என்னை விட்டுட்டுப் போறோமேன்னு அழாதே. நீ இருந்தா நான் இருக்கற மாதிரிதான்."

ஷெட் விம்மியது. "இதேதான்," என்றான் டமுலிரா, பக்கத்தில் இருந்தவன் தொடையை அறைந்து. "அன்னைக்கும் அச்சு அசல் இதேதான் சொன்னார்." சப்பாத்திக்காரன் தலையாட்டினான். தையல்காரம்மாவும் ஆட்டினாள். யாரும் பெஞ்சைத் தட்டவில்லை. எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. படம் மேலே ஓடியது, கிஸ்ஸா மேலே சொல்லிக்கொண்டு போனான், ஒருவரும் நாற்காலியின் பக்கம் திரும்பவில்லை.

அப்பாவின் வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. இழுத்த மூச்சு சத்தமில்லாமல் வெளியே போயிற்று. கை மெல்லக் கீழே இறங்கி மைக்கை விட்டது. கழுத்து நரம்பு தணிந்ததைப் பார்த்துக் கிஸ்ஸா கடவுளுக்கு நன்றி சொன்னான்.

முடிந்ததும் டமுலிரா அவன் முதுகில் தட்டி, அடுத்த வாரம் இரண்டாம் பாகம், காத்தோ வரும் இடத்தை ஒழுங்காகச் சொல்லு என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனான். வாடகை மோட்டார்பைக்கில் ஓட்டுபவனுக்கும் தனக்கும் நடுவில் அப்பாவை உட்கார வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிஸ்ஸா வீடு சேர்ந்தான். வழி முழுக்க உள்ளங்கையை அவர் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

படுக்க வைத்து, கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டான்.

"அப்பா, மாமா சொன்னதா நான் சொன்னேனே, அது சரிதானே?"

அப்பா வாயைத் திறந்தார். அவனையே பார்த்தார். பிறகு மெதுவாக வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, அந்த முனகல் அதற்கப்புறம் அவரிடமிருந்து வரவே இல்லை.